மைக்கில் சொன்னதும் மாடியில் மறைத்ததும்

மூணாங்கிளாஸுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் ஏறவில்லை. உடன்குடியிலிருந்து சைக்கிளில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றித் திருநெல்வேலிக்கு மிதித்தவன். இன்றைக்கு டவுனில் மூன்று கடை. கோயில் டியூப் லைட்டிலிருந்து சுடுகாட்டுக் கொட்டகை வரைக்கும், 'உபயம்' என்று என் பேர் எழுதாத இடம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவன்தான் நாலு மாசம் என் வீட்டு மாடி ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து கீமோ ஏற்ற ஆரம்பித்ததும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பேத்தியைப் பெரிய இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பாட்டிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் சம்பந்தம் நிலைக்குமா? "அவ பம்பாய்ல மகன் வீட்ல இருக்கா" என்று ஊர் பூராவும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொல்லைவாசல் வழியாக, திரை போட்ட காரில்தான் போவாள்.

அங்கே டாக்டரம்மா ஒரு நாள் சொன்னார்: "கீமோ எல்லாருக்கும் தேவைப்படாது அண்ணாச்சி. வெட்டியெடுத்த கட்டியைச் சோதிச்சு, யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு ஆய்வு பண்ணுதோம். பணம்தான் இல்ல."

"என் வீட்டுக்காரிக்கு நிறுத்திரலாமா?"

"அவங்களுக்கு உதவாது. பின்னால வாறவங்களுக்கு உதவும்."

பக்கத்து அறையில் என் வீட்டுக்காரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. முழுச் செலவும் என்னுடையது என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். கோயில் கொடைவிழாவில் மதியச் சாப்பாட்டுப் பந்தலில் உபயதாரர் பேரெல்லாம் வாசித்தார்கள். கை சும்மா இருக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, மார்புப் புற்றுநோய் ஆய்வுக்கு முழுச் செலவும் என் உபயம் என்று நானே அறிவித்தேன். கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் என் பழைய கூட்டாளி ஆரம்பித்தான். "வே, மண்டபம் கட்டுவீரு, தேருக்குக் குடுப்பீரு. திடீர்னு பொம்பளைங்க மார்புப் புத்துநோய்க்கு என்ன வே அக்கறை? ஆமா, மதினி எப்ப பம்பாய்லேர்ந்து வாறா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது, காரணமும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து மாடியேறி, "பேர் போடாமக் குடுத்திருதேன்" என்றேன் அவளிடம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டியூப் லைட்டுல வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேரெழுதுன ஆளு! எம் பேரைப் போடச் சொல்லுங்க."

"ஊருக்குத் தெரிஞ்சிரும்லா."

"தெரியட்டும். நோய் எனக்கு. பூட்டி வச்சது நீங்க."

"பேத்தி சம்பந்தம்?"

"அவகிட்ட கேட்டேன். இதுக்கு ஓடுதவன் ஓடட்டும்ங்கா."

அவள் எழுந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஜன்னல் கொண்டியைத் தட்டினாள். இறுகிப்போயிருந்தது. மறுபடி தட்டினாள். திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. நான் சடாரென்று கதவு மறைவில் ஒதுங்கினேன்.

கீழே டீக்கடையில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டாளி குரல்தான் முதலில் வந்தது:

"மதினி... எப்ப வந்திய?"

"நான் எங்க போனேன் அண்ணாச்சி?" என்றாள் அவள்.

மறைவை விட்டு வெளியே வர எனக்குத்தான் வெகுநேரம் ஆயிற்று.