சொதி இலையில் சிக்கிய பிழை

கோமதிசங்கருக்கு வாய்த்தது வெளியே சொன்னால் யாருக்கும் விளங்காத வேலை. கம்ப்யூட்டர் திரையில் படம் தெரியவைக்கும் கிராபிக்ஸ் டிரைவரில் பிழை திருத்துவது. கைலி கட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று, தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்ற மாமனார் ஞானசம்பந்தத்துக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சந்தேகம்.

மறுவீட்டுக்குச் சங்கரன்கோவில் வந்த அன்றைக்குத்தானா ஒரு பிழை மண்டையைக் குடைய வேண்டும்? நினைவகத்தின் ஓர் இடத்தை எத்தனை புரோகிராம்கள் பிடித்திருக்கின்றன என்று டிரைவருக்குள் ஒரு கணக்கு ஓடும். ஆள் வந்தால் ஒன்று ஏறும், போனால் ஒன்று இறங்கும். பூஜ்ஜியமானால் இடத்தைக் காலி செய்துவிடலாம். எங்கோ அது இறங்கவில்லை. இடம் நிரம்பித் திரை இருண்டுவிடுகிறது. சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? பந்தியில் உட்கார்ந்தும் கோமதிசங்கரின் மனசு அந்தக் கணக்கிலேயே கிடந்தது.

அவன் இலையில் மாமியார் ராஜராஜேஸ்வரி தேங்காய்ப்பால் குழம்பான மாப்பிள்ளைச் சொதியை ஊற்றிக்கொண்டே இருந்தார். மாமனார் முடிக்கும் முன் இவன் இலையை மடக்கினால் மரியாதையில்லை. அவரோ பட்டா மாறுதல் கதைகளோடு பருக்கை பருக்கையாகச் சாப்பிடுகிறவர். மடக்காத இலையைக் கண்டால் மாமியாருக்குக் கை சும்மா இருக்காது.

போன் அடித்தது. எச்சில் கையோடு எழுந்து ஓடி, மேலாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், இலையில் மறுபடியும் குவியலாகச் சோறு.

“ஐயோ அத்தை, நான் முடிச்சிட்டேனே!”

“இலைய மடக்காம பாதியில எந்திரிச்சுப் போனா, இன்னும் சாப்பிடுதீயன்னுதான மாப்ளே நெனைப்பேன்?”

கோமதிசங்கர் அப்படியே நின்றான். புரோகிராம் ஒழுங்காக முடித்துக்கொண்டு போனால் கணக்கு இறங்குகிறது. ஏதோ கோளாறாகிப் பாதியில் எழுந்து ஓடினால்? அங்கே இறக்குகிற வரியே இல்லை!

மாடிக்கு ஓடி ஒரே ஒரு வரி சேர்த்தான். திரை இருளவில்லை. வந்த சந்தோஷத்தில், திருத்தத்தோடு அனுப்பும் குறிப்பில் ‘யோசனை சொன்னவர்: ராஜராஜேஸ்வரி, சங்கரன்கோவில்’ என்று எழுதி அனுப்பிவிட்டான்.

கீழே வந்து விஷயத்தைச் சொன்னதும், “ஒத்த வரிக்கா இவ்வளவு கூத்து?” என்றார் மாமனார்.

அவன் பதில் சொல்வதற்குள் மேலாளர் கூப்பிட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். திருத்தம் பிரமாதமாம். நாளைக் காலை மீட்டிங்குக்கு அந்த ராஜராஜேஸ்வரி மேடமும் வர வேண்டுமாம், அவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ள யோசிக்கிறார்களாம்.

மாமியார் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். மாமனார் முகம் வெளுத்தது.

“அவ வேலைக்குப் போயிட்டா இங்கன எனக்கு யாரு சோறு பொங்குவா? அது பெரிய படிப்பு படிச்சவங்க மட்டும் பாக்குத வேலைன்னு அவங்ககிட்டச் சொல்லிருங்க, மாப்ளே!”