சித்தப்பா திறந்த மடை

மனிதன் ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் மனிதனானான் என்பது என் சித்தப்பாவின் கட்சி. மாயவரத்தில் ஒரு பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்தார். விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வந்தால் எங்களுக்கு விடுமுறை கிடையாது. வேட்டையாடித் திரிந்தவன் வண்டல் மண்ணைக் கண்டான், விதைத்தான், ஓரிடத்தில் தங்கினான். தின்றது போக நெல் மிஞ்சியது. மிஞ்சியதை வைக்க ஒரு வீடு, வீட்டைக் காக்க ஆட்கள், ஆட்களை ஏவ ஒரு ராஜா. கூடத்தில் ஆளுயரத்துக்கு நெல் நிரம்பி நின்ற எங்கள் பத்தாயத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் இதையெல்லாம் சொல்வார். அப்பா மோர் சாதத்தைப் பிசைந்தபடி "உம்" என்பார்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆட்சி மாறிய புதிது. சித்தப்பாவின் வேட்டியில் கறுப்பு சிவப்புக் கரை ஏறியிருந்தது. எங்கள் வாய்க்கால் மதகில் செங்கொடி ஏறியிருந்தது. அந்தப் புரட்டாசியில் நடவுப் பெண்கள், கூலி நெல்லில் ஒரு படி கூட்டித் தந்தால்தான் வயலில் இறங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா முடியாது என்றார். எங்களிடம் நெல் இல்லாமல் இல்லை. அவர்கள் வாய் திறந்து கேட்டுவிட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நாற்றங்காலில் நாற்று நாற்பது நாளைத் தாண்டியிருந்தது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, அந்த வருடத்துச் சம்பாவே போய்விடும். அப்பா நாற்றங்காலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கலாம் என்று பக்கத்து மிராசுகள் யோசனை சொன்னார்கள். அப்படி இறக்கிய ஊர்களில் என்ன நடந்தது என்று கேள்விப்பட்டிருந்த அம்மா, வேண்டவே வேண்டாம் என்று அழுதாள்.

சித்தப்பாதான் வழி சொன்னார். "நாமளே நடுவோம்ண்ணே. மொத மனுஷனுக்கு எந்த வாத்தியாரு வந்து சொல்லிக்குடுத்தான்? கை இருக்கு, கால் இருக்கு, காவேரித் தண்ணி இருக்கு. அப்பறம் என்ன?"

மறுநாள் விடிந்ததும் குடும்பமே வயலில் இறங்கியது. மற்ற நாளில் என் காலில் சேறு பட்டாலே வைவார்கள். அன்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லி அம்மாவே இறக்கிவிட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். முன்னால் பார்த்தபடி நட்டுக்கொண்டே போனோம். பத்தடி போன பிறகுதான், நட்டதையெல்லாம் நாமே மிதித்துக்கொண்டு வருகிறோம் என்று சித்தி கண்டுபிடித்தாள். வருடா வருடம் எங்கள் வயலில் பெண்கள் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து நட்டதை எல்லோரும் பார்த்தவர்கள்தான். பார்த்தோமே தவிர கவனிக்கவில்லை போலிருக்கிறது.

வாய்க்கால் கரையில் அந்தப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலை. எங்கள் வயல் நடவுக்கு எப்போதும் அவர்தான் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். என் அம்மா வயது இருக்கும். அப்போது நான் அவரை "நீ" என்றுதான் கூப்பிடுவேன்; இப்போது எழுதக் கூசுகிறது. அவர்கள் வீடுகளில் அடுப்பு எரிந்து நாலு நாளாயிற்று என்று சித்தி தணிந்த குரலில் சொன்னாள். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் நட்டாள்.

வெயில் சாய்ந்தபோது ஒரு வயலை எப்படியோ முடித்துவிட்டோம். கோணல்மாணலாக இருந்தாலும் பச்சையாக இருந்தது. சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறி, நேராக மடைக்குப் போனார்.

"நெல்லு தண்ணிப் பயிரு. ஆறு இவ்வளவு தண்ணி குடுக்கறப்ப எதுக்குக் காயப்போடணும்?" என்று மடையை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் சளசளவென்று இறங்கியது. கரையில் அஞ்சலை சட்டென்று எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல் கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்தவர் அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்தார். அஞ்சலை உட்கார்ந்துவிட்டார்.

காலையில் போய்ப் பார்த்தால் வயல் குளமாகக் கிடந்தது. நாங்கள் மேலாக ஊன்றிய நாற்று அத்தனையும் பிடுங்கிக்கொண்டு மிதந்து, காற்று தள்ளிய மூலையில் ஒதுங்கியிருந்தது. கரையிலிருந்தவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்துகொண்டே திரும்பினேன். யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் நஷ்டத்துக்காக அழுகிறார் என்று நினைத்து எனக்கு அவர்மேல் பிரியம் பொங்கியது.

அப்பா கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வரப்பு வழியாகக் கரைக்கு நடந்தார்.

"வாங்க. கேட்டதைத் தர்றேன். இருக்கற நாத்தையாவது காப்பாத்துங்க" என்றார்.

அவர்களை அப்பா "வாங்க" என்று அழைத்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அஞ்சலை முதலில் செய்தது, மண்வெட்டியை வாங்கிக் கீழ்வரப்பை வெட்டிவிட்டதுதான். கால்விரல் மறையும் அளவுக்குத் தண்ணீர் வடிந்த பிறகே மற்றவர்களை இறங்கச் சொன்னார். மிதந்த நாற்றையும் வீணாக்காமல் அள்ளிச் சேர்த்தார்கள். நாங்கள் ஒரு பகலெல்லாம் மல்லுக்கட்டிய வயல், உச்சிப்பொழுதுக்குள் வரிசை வரிசையாக நிமிர்ந்து நின்றது. சித்தப்பா பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று பதினோரு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். அது காலாண்டு விடுமுறை.

மத்தியானம் அம்மா கொடுத்தனுப்பிய மோரை எடுத்துக்கொண்டு, அவர்கள் நட்டுக்கொண்டிருந்த அடுத்த வயலுக்குப் போனேன். மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் அஞ்சலை, மடையத் தொறக்கறப்பவே இவ்வளவு தண்ணி ஆவாதுன்னு நீ சொல்லியிருக்கலாம்ல?"

அவர் குனிந்த தலை நிமிராமல் சிரித்தார்.

"சொல்லியிருந்தா நீங்களே நட்டு முடிச்சிருப்பீங்களே, பாப்பா."

"அது நல்லதுதானே? உங்களுக்கு வேலை மிச்சம்" என்றேன்.

நட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் ஒரு கணம் நின்றன. அஞ்சலை அடுத்த நாற்றுமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். சரியாகத்தானே சொன்னேன், ஏன் ஒருவரும் பதில் பேசவில்லை என்று யோசித்தபடி, மோர்ச் செம்போடு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.