மீனாச்சி ஏறி வந்த சிங்கப்பூர் லோரி

1. தவுக்கே கேட்டது

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம். நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மலாக்கா ஆற்றோரம் இருந்த எங்கள் டிப்போவில் இன்ஜின் ஆயில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி தவுக்கே கூப்பிட்டார். புதிதாக வாங்கிய மூன்று டன் லோரி அவருக்குப் பக்கத்தில் நின்றது.

அவர் சீனர், நான் தமிழன். எங்களுக்குப் பொதுவானது பாசார் மலாய் என்ற சந்தைப் பேச்சு. அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ரத்தினம், இந்தச் சின்ன லோரிக்கு டிரைவர் வேணும். டவுன் ஓட்டம். ஐஸ், சோடா, மளிகைச் சாமான். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். இல்ல, இப்ப ஓட்டுற சிங்கப்பூர் லோரியே போதும்னா அதையே ஓட்டு. பெருநாள் கழிச்சு சொல்லு. அப்புறம் மாத்திக் கேக்காதே."

இப்போதும் இளம் டிரைவர்கள் என்னிடம் கேட்பது இதுதான். "அங்கிள், லோக்கல் நல்லதா, அவுட்ஸ்டேஷன் நல்லதா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

சிங்கப்பூர் ஓட்டம் என்றால் விடியும்போதே ரப்பர் ஷீட் பேல்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்போது மூவாரில் பாலம் கிடையாது, ஃபெரியில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். பத்து பகாட்டில் இன்னொரு ஃபெரி. பிறகு பொந்தியான், ஜொகூர் பாரு, கடலைக் கடந்து சிங்கப்பூருக்குள் போகும் காஸ்வே. சாமானை இறக்கி, அங்கேயே தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் என்பதால் வழியெல்லாம் ரோடு பிளாக். லாபம், நஷ்டம் எல்லாம் இருக்கட்டும். மூவார் தாண்டி ரோடு தென்னந்தோப்புக்குள் நேராகப் போகும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே டாப் கியரில் போட்டு, முழங்கையை ஜன்னலில் வைத்து உட்கார்ந்தால், உலகத்தில் யாருக்கும் நான் வேலைக்காரன் இல்லை என்று தோன்றும்.

2. காஜா பெராங் வீடு

என் மனைவி மீனாச்சி மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவள். பெயர் தமிழ்ப்பெயர், கும்பிடுவது நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் அவள் அம்மா வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கப் போனவன், அந்த வீட்டுக்கே மருமகனானேன். எனக்கும் அவளுக்கும் மலாயில்தான் பேச்சு. அவள் சொல்வதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன், என்னைக் கூப்பிடும் 'அபாங்' தவிர.

கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. டவுன் லோரியைப் பற்றிச் சொன்னதும் மாமியார் கைகூப்பிச் சாமி படத்தைப் பார்த்தார். மீனாச்சி பலகாரத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். டவுன் லோரியை எடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அபாங், அந்த ரோட்டைப் பத்திப் பேசறப்ப உங்க முகம் வேற மாதிரி ஆயிடுது. அந்த ரோட்டைப் பார்க்காம நான் என்னன்னு சொல்றது?"

"அதுல பார்க்க என்ன இருக்கு?"

"அதான் எனக்குத் தெரியாதே. நான் உஜோங் பாசிரைத் தாண்டிப் போனதில்ல. பெருநாளுக்கு நாலு நாள் முன்னாடியே மாட் லீவு போடுவான்ல? அவன் சீட்டு காலியாத்தானே இருக்கும்?"

மாட் என் கெலிந்தான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாமான் ஏற்றி இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் உதவியாள். அவன் இடத்தில் மனைவியை உட்காரவைப்பது நடக்காத காரியம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் வாதாடவில்லை. மறுநாளும் அதையே கேட்டாள்.

தவுக்கேயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கட்டை வைக்கத் தெரியுமா அவளுக்கு?"

"கத்துக்குவா."

"சரி, கூட்டிட்டுப் போ. டயர் பஞ்சரானா அவதான் ஜேக்கைப் பிடிக்கணும்."

3. மூவார் ஃபெரி

அவள் கெபாயா மேல்சட்டை போட்டு, பாத்தேக் கைலி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதுபோல் வந்தாள். லோரிப்படிக்குக் கால் எட்டவில்லை. கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். உஜோங் பாசிர் முச்சந்தி தாண்டியதும் கண்ணாடியோடு கண்ணாடியாக முன்னால் சாய்ந்தவள், மூவார் வரும்வரை பின்னால் சாயவே இல்லை.

ஃபெரிக்கு நீண்ட வரிசை. நான் வழக்கம்போல ஸ்டேரிங்கில் தலைசாய்த்துத் தூங்கப் பார்த்தேன். அவள் இறங்கிப் போய்விட்டாள். கண்விழித்துப் பார்த்தால், நோன்பு மாதத்திலும் பயணிகளுக்காக வாழைப்பழப் பஜ்ஜி போடும் மலாய்க்காரப் பெண்ணின் அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்து மாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

"இவங்க பேரு கத்தீஜா. மூத்த மகன் ஃபெரியில கயிறு கட்டுறான். என் மலாயைக் கேட்டு, நான் எந்த நாட்டுக்காரின்னு கேக்கறாங்க!"

வருஷக்கணக்கில் அந்தப் பெண்ணிடம் பஜ்ஜி வாங்கித் தின்றவன் நான். அவள் பெயர் அன்றைக்குத்தான் தெரியும்.

4. சோற்றுப் பொட்டலம்

பத்து பகாட் ஃபெரியையும் கடந்து பொந்தியான் போகும் வழியில் ரோடு பிளாக். மலாய்க்கார கார்ப்பரல் ஒருவர், கூட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அதில் ஒருவன் தமிழ்ப் பையன். சீட்டுக்கு அடியில் கையை விட்டவன் வாழையிலைப் பொட்டலங்களை எடுத்தான். என்னிடம் சொல்லாமல் மீனாச்சி நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"என்னண்ணே இது? இந்தப் பக்கம் சமைச்ச சோறு கொண்டுபோகக் கூடாதுன்னு தெரியாதா? காட்டுல இருக்கிறவனுக்குப் போகுதுன்னு கேஸ் எழுதினா லோரியும் போச்சு, நீங்களும் உள்ள."

"தெரியும் தம்பி. இது எனக்கே தெரியாம..."

மீனாச்சிக்குத் தமிழ் விளங்காது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றார்?" என்றாள். சொன்னேன். அவள் நேராகக் கார்ப்பரலைப் பார்த்து மலாயில் கேட்டாள்: "வயித்துக்குள்ள வச்சுக் கொண்டுபோகலாமா, துவான்?"

கார்ப்பரல் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "இங்கேயே, என் கண்ணு முன்னால சாப்பிட்டு முடிக்கணும். ஒரு பருக்கைகூட மிஞ்சக் கூடாது."

மிஞ்சாமல் இருக்க ஆள் போதவில்லை, அவ்வளவு கட்டியிருந்தாள். கார்ப்பரலுக்கு நோன்பு, அவர் தள்ளி நின்று எங்களை எண்ணெய்ப்பனை மரத்தடியில் உட்காரவிட்டார். தமிழ்ப் பையனும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டான். நெத்திலிச் சம்பல் காரத்தில் அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அண்ணி எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டான். காஜா பெராங் என்றேன். அப்படி ஓர் எஸ்டேட்டைக் கேள்விப்பட்டதில்லை என்றான்.

கிளம்பியதும் ரோடு பிளாக் மறையும்வரை நான் கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவளோ ஜன்னலுக்கு வெளியே கையாட்டிக்கொண்டு வந்தாள்.

5. திரும்பும்போது

காஸ்வேயில் போகும்போது இரண்டு பக்கமும் இருந்த தண்ணீரை அவள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிங்கப்பூரில் என் மாமா வீட்டில் தங்கினோம். கோடவுனில் சீனக் கூலிகள் பேல் இறக்கியபோது கட்டை வைத்தவள் அவள்தான். சரியாகத்தான் வைத்தாள்.

மறுநாள் திரும்பும்போது மூவாரில் இந்தக் கரைக்கு வந்திருந்த கத்தீஜா தூரத்திலிருந்தே "மீனாச்சி!" என்று கூப்பிட்டாள். ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்றில் அவள் தலைமுடி கலைந்து பறந்தது. இத்தனை அழகான ஒருத்தியை வீட்டில் விட்டுவிட்டா இத்தனை நாளும் இதைக் கடந்தேன் என்று இருந்தது.

"இப்பச் சொல்லு. எந்த லோரி?"

நடு ஆறு வரும்வரை கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். பிறகு, "டவுன் லோரியை எடுங்க அபாங்" என்றாள்.

"இது பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சுப்போச்சு. முந்தியெல்லாம் நீங்க கிளம்பினா, மூவார்ங்கிறது எனக்கு ஒரு பேரு மட்டுந்தான். நிம்மதியா என் வேலையைப் பார்ப்பேன். இனிமே நீங்க இந்தக் காத்துல நிக்கிறப்ப, நான் அங்க அடுப்புக்கிட்ட நிக்கணும். என்னால ஆகாது. நான் வராத இடத்துக்கு நீங்க மட்டும் போகக் கூடாதுங்கிறேன். நியாயமில்லைதான். ஆனா மனசு அப்படித்தான் இருக்கு."

என் கெலிந்தானின் பிழைப்பைப் பறித்து அவளைத் தினமும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பெருநாள் முடிந்ததும் தவுக்கேயிடம் சின்ன லோரியின் சாவியை வாங்கிக்கொண்டேன்.

6. டவுன் ஓட்டம்

செங், குருபோங், உஜோங் பாசிர். காலையில் ஐஸ், பிற்பகல் சோடாப் பெட்டி. முதல் மாதம் கை அரித்தது. டாப் கியருக்குப் போவதற்குள் கடை வந்துவிடும். தெற்கே மூவார் போகும் சாலை பிரியும் இடத்தில் ஸ்டேரிங் தானாக அந்தப் பக்கம் இழுப்பதுபோல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு டவுன் பக்கம் திருப்புவேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மீனாச்சி கேட்பாள்: "யாரையெல்லாம் பார்த்தீங்க?" கடைக்காரர்களின் பெயரைக் கேட்டுவைக்காமல் வந்தால் வீட்டில் பேச ஒன்றுமிருக்காது. அதனாலேயே கேட்கப் பழகினேன். அந்தப் பழக்கம் எனக்கு டவுன் முழுக்க மனிதர்களைக் கொடுத்தது.

காப்பி குடிக்கும்போது எங்கள் இருவருக்குள்ளும் இன்னொரு பேச்சும் நடக்கும்.

"சிங்கப்பூர் லோரி இந்நேரம் எங்க இருக்கும்?"

"பொந்தியான் தாண்டியிருக்கும்."

"மழை பெய்யுமோ அங்க?"

"பெய்யும்போலத்தான் இருக்கு."

பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். இந்தப் பேச்சு மட்டும் நிற்கவே இல்லை. ஒருமுறை கல்யாணம் ஒன்றுக்குப் பஸ்ஸில் சிங்கப்பூர் போனோம். "பின்னால உக்காந்து பார்த்தா ரோடு தெரியல" என்றாள். திரும்பி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை.

7. இரண்டாம் முறை

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு மீனாச்சிக்கு நோய் வந்தது. நெடுநாள் படுக்கையில் கிடக்காமல் போய்விட்டாள். அந்த மட்டில் சாமிக்கு நன்றி. மகள் கல்யாணமாகி ஈப்போவில் இருந்தாள், மகன் கோலாலம்பூரில் வேலையில் இருந்தான். காரியம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். நானும் வேலைக்குத் திரும்பினேன்.

தவுக்கே அப்போது காலமாகியிருந்தார். அவர் மகன் நடத்தினான். ஒருநாள் என்னை ஆபீசுக்குள் உட்காரவைத்துக் கேட்டான்.

"அங்கிள், சிங்கப்பூர் லோரிக்கு ஆள் வேணும். உங்களுக்கு அந்த ரோடுன்னா உயிருன்னு அப்பா சொல்லியிருக்கார். இப்ப வீட்டுலயும் உங்களைப் பிடிச்சு வைக்க யாருமில்ல. எடுத்துக்கிறீங்களா?"

மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னான். நான் ஒருநாள் டைம் கேட்டேன். இத்தனை வருஷம் ஏங்கிய ரோடு கைக்கு வந்திருக்கிறது, ஓடிப்போய் எடுத்துக்கொள்வேன் என்றுதான் நானே நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் காப்பி போட்டு உட்கார்ந்தேன். மூவார், பத்து பகாட், பொந்தியான் என்று ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தேன். காஸ்வேவரை போனேன். திரும்பி வரத்தான் மனசு ஓடவில்லை.

மறுநாள் போய், "வேண்டாம் தம்பி, டவுன் லோரியே போதும்" என்றேன்.

"ஏன் அங்கிள்?"

"போயிட்டு வந்து யார்கிட்டச் சொல்றது?"

அவன் டவுன் லோரியின் சாவியை என் பக்கம் நகர்த்தினான்.

லோக்கலா அவுட்ஸ்டேஷனா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முடிவு எடுப்பதற்கு முன்னால், வீட்டில் இருப்பவரை ஒருமுறை முன்சீட்டில் உட்காரவைத்து முழுத் தூரமும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் எந்த லோரியை எடுத்தாலும் ஏக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏங்கலாம்.