சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

எங்கள் தெருக் குழாயில் முதல் குடம் எப்போதும் துருநிறமாகத்தான் வரும். அதை வாசலில் கொட்டிவிடுவோம். அடுத்த குடம் கொஞ்சம் மஞ்சள். அது பாத்திரம் கழுவ. அதற்குப் பிறகு வருவதைத்தான் குடிக்க எடுத்துவைப்போம். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைக் கொட்டிவிட்டால் மிச்சம் சுத்தம் என்று நம்பிய தெரு எங்களுடையது. நம்பாமல் என்ன செய்வது? குடித்துத்தானே ஆகவேண்டும்.

தெரு முடிகிற இடத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் மதில் ஆரம்பிக்கிறது. என் அப்பா மதிலுக்கு இந்தப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். நான் அந்தப் பக்கம் இரும்புக் கம்பி செய்யும் மில்லில் கிரேன் ஓட்டுகிறேன். சோறு போடுகிற இடத்தை வாய் நிறையத் திட்ட முடியாது. திட்டாமல் இருக்கவும் என்னால் முடியாது. ஊரில் எனக்குச் சண்டைக்காரன் என்று பெயர், அதில் தப்பும் இல்லை.

இது என் மகளைப் பற்றிய விஷயம். மூன்று வயது முடியப்போகிற சமயத்திலும் அவள் சரியாகப் பேசவில்லை. நைனா, அம்மா, பால், வேணா என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவாள், சேர்த்துப் பேசமாட்டாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். “சில புள்ளங்க லேட்டாத்தான் பேசும், நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிக்கினு கீற?” என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து கிளினிக் டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக்கொடுத்தார். போகும்போது, “தண்ணிய நல்லா கொதிக்கவெச்சிக் குடும்மா” என்றார்.

என் மனைவி எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. நல்லா என்று சொல்லிவிட்டார் அல்லவா? அவளுக்குத் தெரிந்து நல்லா கொதிக்கவைப்பது என்றால் கஷாயம்தான். சளிக்கும் காய்ச்சலுக்கும் எங்கள் வீடுகளில் மூன்று தம்ளர் வைத்து ஒரு தம்ளராகச் சுண்டவைப்போம். சுண்டச் சுண்டத்தான் மருந்துக்கு வீரியம் என்பது பேச்சு. அதையே அவள் தண்ணீருக்கும் செய்தாள். பெரிய எவர்சில்வர் குண்டானில் கழுத்துவரை ஊற்றி, சீரகம் ஒரு பிடி போட்டு, பாதிக்கும் கீழே இறங்கும்வரை அடுப்பைவிட்டு நகரமாட்டாள்.

“கேஸ் இன்னா உங்கப்பனா வாங்கித் தரான்?” என்று நான் கத்துவேன்.

“எங்கப்பன் வாங்கித் தர வேணாம். உன் புள்ளைக்கித்தான் காய்ச்சறேன், ஊருக்கு இல்ல” என்பாள்.

தண்ணீரை இறுத்தபிறகு குண்டானின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டி என் கண்ணுக்கு நேராக நீட்டுவாள். “பாத்தியா? அழுக்கெல்லாம் அடியில நின்னுட்சி. இது எங் கொயந்த வயித்துக்குப் போவாது இல்ல?” அந்தப் படலத்தைப் பார்க்கும்போது எனக்கும் வாய் அடைத்துவிடும். கண்ணெதிரே இருக்கிற சாட்சியை எப்படி மறுப்பது?

பாப்பாவுக்கு அந்தத் தண்ணீர் பிடித்துப்போயிற்று. வெதுவெதுப்பு, சீரக வாசனை, லேசான உப்புக் கரிப்பு. அதற்கு ‘அம்மாத்தண்ணி’ என்று பெயர் வைத்தாள். வேறு எதைக் கொடுத்தாலும் தட்டிவிட்டு அம்மாத்தண்ணி கேட்பாள். அவள் சேர்த்துச் சொன்ன இரண்டே சொல் அதுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவியின் முகத்தைப் பார்க்கவேண்டும், சாமி வரம் கொடுத்த மாதிரி இருப்பாள். தெருவில் பிள்ளை பெற்று வந்தவர்கள்கூட அவளிடம்தான் பக்குவம் கேட்பார்கள். எதிர்வீட்டில் ஒரு பெண்ணுக்கு அப்போது கைக்குழந்தை. பாதிவரை சுண்டினால் போதாதா என்று அவள் கேட்டதற்கு, “சோம்பேறித்தனம் பட்டா ஆவுமா? நல்லா சுண்டணும்” என்று இவள் அதட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதற்கிடையில் தண்ணீரில் ஒருமாதிரி வாடை அடிக்கிறது என்று நான் பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தேன். என் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒருநாள் ஆட்கள் வந்து தெருத்தெருவாகக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். முடிவைக் கிராம சபைக் கூட்டத்தில் சொல்வதாக ஏற்பாடு. பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல் போட்டு, டீ கொடுத்து, குடிநீர் அதிகாரி மைக்கைப் பிடித்தார். பக்கத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். என் மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள்.

உப்பு, கடினத்தன்மை, குளோரைடு என்று ஒவ்வொன்றாகப் படித்து, எல்லாமே அனுமதித்த அளவுக்குள் இருப்பதாக அதிகாரி சொன்னார். எந்த அளவு என்று கேட்டேன். மேடம்தான் விளக்கினார். இவற்றுக்கெல்லாம் இரண்டு அளவு உண்டாம். ஒன்று, குடிக்க ஏற்ற அளவு. இன்னொன்று அதைவிட அதிகம். வேறு நீராதாரமே இல்லாத இடத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவு. எங்கள் தண்ணீர் முதல் அளவைத் தாண்டிவிட்டது, இரண்டாவதற்குள் இருக்கிறது.

“அப்போ நாங்க ரெண்டாம் நம்பர் ஜனங்களா சார்?”

“அப்படி இல்லப்பா. வேற ஆதாரம் இல்லாத ஊருக்குன்னு வெச்சிருக்காங்க.”

“கெணறு இருந்துச்சி, ஏரி இருந்துச்சி. அத்த இல்லாம ஆக்கினது யாரு, நாங்களா?”

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. எனக்கு ஏக குஷி. சண்டை ஜெயித்த நினைப்பில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கடைசியாக ஈயம் என்றார்கள். ஈயத்துக்கு அந்த இரண்டாவது அளவு கிடையாதாம். ஊர் எதுவானாலும் ஒரே வரம்புதான். எங்கள் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருந்தது, ஆனால் வரம்பை ஒட்டி ஒரு நூல் கீழே. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பழைய பேட்டரி உருக்குகிற பட்டறையா, பழைய குழாயா, சொல்ல முடியாது என்றார்கள். “வரம்புக்குள்ள இருக்கு, பயப்பட வேணாம்” என்று அதிகாரி மைக்கை வைத்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அந்தப் பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அளவுக்குள் இருந்தால் நஞ்சு அமிர்தமாகிவிடுமா? அதைக் கேட்கத்தான் எழுந்தேன். அதற்குள் என் மனைவி எழுந்துவிட்டாள்.

சபையில் அவள் பேசியது அதுதான் முதல்முறை. “மேடம், நாங்க அப்பிடியே குடுக்கறதில்ல. பாதிக்குக் கீழ சுண்டக் காய்ச்சித்தான் கொயந்தைக்குக் குடுக்கறோம். எங்க தெருவுல எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன். அப்போ எங்க புள்ளங்களுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?”

பாராட்டு வாங்கத்தான் அவள் எழுந்தாள். அந்த மேடத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மைக் இல்லாமல் மெதுவாகப் பேசினார்.

“கொதிக்கவெச்சா கிருமி சாவும்மா. ஈயம் எங்கயும் போகாது. தண்ணி ஆவியாப் போயிடும், ஈயம் அப்படியே தங்கிடும். பாதியா சுண்டினா, அதே ஈயம் பாதித் தண்ணியில இருக்கும்.”

“அடியில வெள்ளையா நிக்குதே மேடம்?”

“அது சுண்ணாம்பும்மா. அழுக்கு இல்ல.”

வரம்புக்கு ஒரு நூல் கீழே இருந்த தண்ணீரை, அடுப்பின் முன்னால் நின்று, வேர்த்து விறுவிறுத்து, வரம்புக்கு மேலே ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அது புரிந்த நொடி எனக்குத் தெரியும். பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்துவிட்டாள், தான் தொட்டாலே ஆகாது என்பதுபோல. எனக்கு அவள்மேல் ஒரு துளி கோபம் வரவில்லை. அந்த அதிகாரியின் சட்டையைப் பிடிக்கலாமா என்று கை பரபரத்தது. பிடித்து என்ன சொல்வது? அவர் சொன்ன அளவு சரியான அளவுதான்.

வீட்டுக்குப் போகாமல் அவள் நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து அடுத்த வீடு. சுண்டக் கற்றுக்கொடுத்த ஒவ்வொரு வாசலிலும் நின்று, “சுண்டாதீங்க, நான் சொன்னது தப்பு. ஒரு கொதி வந்தா எறக்கிடுங்க” என்றாள். சிலர் சும்மா தலையாட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “அப்போ எந்தத் தண்ணியக்கா குடுக்கறது?” என்று கேட்டாள். இவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து குண்டானைத் துலக்கி, பரணில் கவிழ்த்துவைத்தாள்.

அந்த வாரமே ரயில் ஏறிச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது: ஈயம் இருக்கிறது.

“எவ்ளோ வரைக்கும் இருக்கலாம் சார்?” என்று கேட்டேன். பழக்கதோஷம், அளவு கேட்பது.

“குழந்தைங்க ரத்தத்துல இதுக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுப்பா” என்றார் டாக்டர். இப்போதைக்கு ஊசி எதுவும் தேவைப்படாது, வருகிற வழியை அடைக்கவேண்டும், சத்தாகச் சாப்பிடக் கொடுக்கவேண்டும், மறுபடி சோதிக்கவேண்டும் என்றார். பேச்சு சரியாக வருமா என்றதற்கு, வளர வளரப் பார்க்கலாம் என்றார். தண்ணீரால் மட்டும் என்று சொல்ல முடியாது, காற்றாக இருக்கலாம், மண்ணாக இருக்கலாம், என் வேலைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த தூசியாகவும் இருக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். “என் சட்டையாத்தான் இருக்கும். நான்தானே டூட்டி முடிச்சி வந்ததும் தூக்கினு கொஞ்சுவேன்.”

“எனக்காவ சொல்லாத” என்றாள். ஊர் வரும்வரை ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

அன்றிலிருந்து கேன் தண்ணீர் வாங்குகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டியதில்லை. பாப்பா அதைத் தொடவில்லை. தம்ளரைத் தட்டித்தட்டிவிட்டாள். பிள்ளை நாக்கு வறண்டு கிடப்பதைப் பார்க்கமுடியாமல் என் மனைவி கேன் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, சீரகம் போட்டு, லேசாகச் சூடு காட்டி எடுத்துவந்தாள். முந்தானையால் தம்ளரைத் துடைத்து, “இந்தாடா கண்ணு, அம்மாத்தண்ணி” என்று நீட்டினாள்.

பாப்பா ஒரு வாய் குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து, அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, துப்பிவிட்டாள்.

“இது அம்மாத்தண்ணி இல்ல” என்றாள்.

என் மகள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எத்தனை நாளாக நாங்கள் இருவரும் காத்திருந்தோம் அதற்கு. என் மனைவி தம்ளரை ஏந்தியபடியே நின்றாள்.