ஒரு காதுக்கு ஐந்து ஸ்பீக்கர்

தனபாலன் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் ராக் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பும் வழியில், எல்லைப் பாலத்தில் நகராமல் நின்ற பேருந்துக்குள் இருந்தேன். மாரடைப்பு என்று ஒரு வரி. அதன்கீழ் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. மாமனிதர் என்றார் ஒருவர், எங்கள் வழிகாட்டி என்றார் இன்னொருவர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதே ஆட்கள் போன மாதம் இதே குழுவில் அவரை என்ன பேசினார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. அமைதியாக நாலு வரி எழுதித் தாருங்கள் என்று அட்மின் செல்வா கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். அமைதியாக வருமா என்று தெரியவில்லை.

அவரை நேரில் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் கொதிகலன் பக்கத்திலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். அந்த இரைச்சலில் இடது காது போய்விட்டது. ஓய்வுபெற்ற பிறகு தம்போயில் இருந்த தன் வீட்டின் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்களைச் சுற்றிவர வைத்தார். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கத்தான் முதலில் அங்கே போனேன். நடுவிலிருந்த நாற்காலியில் உட்காரப் போனவளைத் தடுத்துவிட்டார்.

"அங்க உக்காந்தா எல்லாம் ஒண்ணா கேக்கும். இப்படி வாங்கம்மா," என்று பின்பக்க ஸ்பீக்கர் ஒன்றின் அருகில் நிறுத்தினார்.

எழுபதுகளில் வந்த அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. எது என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கேட்டுவந்த பாட்டு. அதற்குள் ஓர் ஆர்கன் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒற்றைக் காதோடு ஸ்டீரியோ கேட்டால் எல்லாம் ஒரே குவியலாக விழுகிறது என்றார். சரவுண்டில் ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு மூலையில் இருக்கும். அவர் எழுந்து நடந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரிடமும் வலது காதைக் கொடுத்து நிற்பார். கல்யாண வீட்டில் ஒருவர் விடாமல் நலம் விசாரிப்பதுபோல் கூடத்தைச் சுற்றிவருவார். அவரால் பாட்டை முழுதாகக் கேட்க முடிந்தது அப்படி மட்டும்தான்.

அந்த ஆல்பத்தை அப்படி ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுத்த அவருடைய பழைய சரவுண்ட் டிஸ்க் கெட்டுப்போனது. எந்த பிளேயரில் போட்டாலும் பாதியில் நின்றது, வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. அந்த நேரத்தில்தான் பொன்விழாப் பதிப்பு வருகிறது, சகலமும் அடங்கிய பெட்டி என்று விளம்பரம் வந்தது. மனிதர் குழந்தைபோல் காத்திருந்தார். வந்த பெட்டியைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். தடிமனான படப் புத்தகம், சுவரொட்டி, பேட்ஜ், கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு துணிகூட இருந்தது. சரவுண்ட் மட்டும் இல்லை. இசைத்தட்டு விற்கிறவனுக்குக் கழுத்துத்துணி வைக்கத் தோன்றுகிறது, இசையை முழுதாக வைக்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உலகம் முழுக்க ரசிகர்கள் கத்தினார்கள். எங்கள் குழுவிலும் முதல் நாள் எல்லோரும் கொதித்தார்கள். இரண்டாம் நாள் பெட்டியோடு செல்ஃபி எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். தனபாலன் அண்ணன் மட்டும் விடவில்லை. கம்பெனிக்கு எழுதினார். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று யாருக்கும் பொருந்துகிற ஒரு பதில் வந்தது. திரும்பவும் எழுதினார். எல்லோரும் சேர்ந்து எழுதலாம் வாருங்கள் என்று குழுவில் தினமும் கேட்டார். அப்போதுதான் செல்வா எழுதினார்: "ஒரு காத வச்சிக்கிட்டு அஞ்சு ஸ்பீக்கர் எதுக்குலா அண்ணே?"

அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன என்று போய்ப் பாருங்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினேன். உடனே அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"எனக்காக இரக்கப்பட்டுப் பேசாதீங்கம்மா. காது என் பிரச்சன. பெட்டி கம்பெனிக்காரன் பிரச்சன. ரெண்டையும் கலக்கவேணாம்."

"உங்களுக்குக் கோவமே வரலியா அண்ணே?"

"வராம? அத இவனுங்க மேல காட்டி வீணாக்க மாட்டேன்."

நான் அவ்வளவு பெரிய மனுஷி இல்லை.

அவரை எரித்த மறுவாரம் கம்பெனி அறிவித்தது. ரசிகர்களின் குரலுக்கு மதிப்பளித்து சரவுண்ட் டிஸ்க் தனியாக வெளிவருமாம். குழுவில் ஒரே கொண்டாட்டம். நாம ஜெயிச்சிட்டோம் என்று எழுதினார்கள். எந்த நாம? கம்பெனிக்கு ஒரு வரி எழுதாதவர்களெல்லாம் ஜெயித்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர் மனைவி ஜெயந்தி அக்காவிடம் இந்தச் செய்தியைச் சொன்னேன். அவர் கூடத்தைப் பார்த்தார்.

"இனி யாரு வந்து அந்த ஸ்பீக்கருங்ககிட்ட நிக்கப் போறா," என்றார்.

செல்வாவும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து வாசலில் நான் செருப்பைத் தேடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன் கா. அண்ணன் மனசுல வச்சிக்கிட்டாரா?"

"அவரு வச்சிக்கல. நான் வச்சிருக்கேன்."

"சாரி கா," என்றார்.

நம்மிடம் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. சீனி வேண்டாம் என்று சொன்ன தேநீர் சீனியோடு வந்தாலும் பரவாயில்லை. பேருந்து வராவிட்டாலும் பரவாயில்லை. முழுப் பணம் வாங்கிக்கொண்டு பாதியைக் கொடுத்தாலும் பரவாயில்லை. தனபாலன் அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. சண்டை போட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். சீனி போட்ட தேநீரை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, கேட்டது வரும்வரை உட்கார்ந்திருப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

செல்வா என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது, பழக்கதோஷம். விழுங்கிவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே நடந்தேன்.