டிரைவர் உட்காரும் குஷன்

தெருவில் எல்லோருக்கும் அவள் மெத்தையக்கா. சோபா, நாற்காலி, பைக் சீட்டு, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று மனிதன் உட்காருகிற எதுவானாலும் பழைய உறையைப் பிரித்து, புதிதாக அடைத்து, தைத்துக் கொடுப்பாள். "ஒருத்தர் எழுந்து போன சீட்டைப் பாத்தாலே போதும், அவர் எந்தப் பக்கம் சாஞ்சு உக்காருவார்னு சொல்லிடுவேன்" என்று பீற்றிக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் உட்காரவே முடியாத மனிதர். இதைச் சொல்லித் தெருவே சிரித்தது, அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அவர் பஸ் டிரைவர். ஓட்டி ஓட்டி முதுகைத் தேய்த்துக்கொண்டு, ரிட்டையர் ஆன கையோடு இடுப்பில் ஒரு டிஸ்க் நழுவிவிட்டது. நிற்பார், எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பார், உட்கார்ந்தால்தான் உயிர் போகும். சாப்பாடு ஜன்னலோரம் நின்றபடி, டிவி பார்ப்பது கதவைப் பிடித்தபடி. அவளே தைத்த ஒரு குஷனில் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார். கடையில் எல்லோருக்கும் ஸ்பாஞ்ச் வைப்பவள், அவருக்கு மட்டும் வீட்டுப் பழந்துணியைத் துண்டு துண்டாக வெட்டி அடைத்திருந்தாள். ஸ்பாஞ்ச் சூடு, பஞ்சு நாளானால் கட்டிதட்டும், நைந்த துணிதான் உடம்புக்கு வளைந்துகொடுக்கும் என்பது அவள் கட்சி. அவரோ, "ஏதோ குத்துது" என்று வருஷக்கணக்காக மூக்கால் அழுதுகொண்டிருந்தார்.

"குஷன்ல ஒண்ணும் இல்ல. உங்க மனசுல இருக்கறதுதான் குத்துது" என்று அவள் வாயை அடைத்துவிடுவாள்.

இப்போது இடது கால் மரத்துவர ஆரம்பித்திருந்தது. கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேதான் ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். போன தடவை விமான நிலையம் வரை வந்தும், டாக்டர் கடிதம் பழையதாகிவிட்டது என்று முதல் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! டாக்ஸியில் வழியெல்லாம் பாட்டு. கத்தி என்றால் அந்த மனிதருக்கு அவ்வளவு பயம். ஆனால் இந்தத் தடவை டாக்டர் மெத்தையக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இதையும் விட்டீங்கன்னா அந்தக் கால் அவருக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஆபரேஷன். இந்த விமானத்தை விட்டால் வேறு வழியில்லை.

விமான நிலையம் என்பது நோயாளியைப் பார்த்திராத யாரோ கட்டியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சக்கர நாற்காலி கேட்டால் அதில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்றார்கள். "அவருக்கு உக்காரறதுதாங்க நோயே" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்த நாற்காலியின் சீட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். நடுவில் தொய்ந்து போன வெறும் ரெக்ஸின். "இது சீட்டா, தொட்டிலா?" என்று பொரிந்துவிட்டு, தன் குஷனைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். தள்ளி வந்த ஊழியர் பாதுகாப்புச் சோதனை வரிசையில் விட்டுவிட்டு, "இதோ வந்துர்றேன்" என்று போனார். போனவர் போனவர்தான்.

சோதனையில் அவருடைய இடுப்புப் பட்டையைப் பார்த்து மெஷின் கூவியது. அதைக் கழற்றச் சொன்னார்கள். வலிக்கு வைக்கிற ஜெல் பையைக் கொண்டு போகக் கூடாது என்று தொட்டியில் எறிந்தார்கள். மாத்திரைப் பையைக் கவிழ்த்தார்கள். கடைசியில் குஷன் மெஷினுக்குள் போனது, மெஷின் நின்றது. திரையைப் பார்த்த பெண் அதிகாரியின் முகம் மாறியது.

"உள்ள ஏதோ இரும்பு இருக்கும்மா."

"இருக்காதும்மா, வெறும் துணி. நானே அடைச்சது."

"பிரிச்சுப் பாக்கணும். இல்லன்னா இங்கயே விட்டுட்டுப் போயிடுங்க."

குஷன் இல்லாமல் அவரை எப்படி விமானத்தில் உட்கார வைப்பது? அதிகாரி கையில் கத்தியை எடுத்ததும், "கிழிச்சுடாதீங்க, என் தையல், நானே பிரிக்கறேன்" என்று குறுக்கே விழுந்தாள். மேஜையில் இடமில்லை. ஓரமாகத் தரையில் ஒரு துண்டை விரித்து மண்டியிட்டாள். அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்க, நூலை அறுத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

முதலில் வந்தது நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. பேக்கரிக்கு மேலே அவர்கள் குடியிருந்த முதல் அறையின் ஜன்னல் திரை. காலையில் ரொட்டி வாசனை அந்தத் திரையைத் தாண்டித்தான் வரும். இரவு டியூட்டி முடித்து அவர் தூங்கும்போது வெளிச்சம் படாமல் இருக்க, அவள் அதன் ஓரங்களைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்திருந்தாள். அறையில் ஒரே நாற்காலி. அவர் அதில் உட்கார, அவள் தரையில் மண்டியிட்டு யாருடைய சோபாவையோ தைக்க, கீழே ரொட்டிக்காரர் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு நெருக்கடியான அறை, எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று நினைத்தபடி அந்தத் துணியை நீவி ஓரமாக வைத்தாள்.

அடுத்து மகளின் பள்ளிக்கூடப் பாவாடை, மடிப்பு கலையாத ஒரு துண்டு. அதைப் போட்டுக்கொண்டு அப்பாவின் பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்து, ஏறுகிறவர்களிடமெல்லாம் "இது எங்கப்பா பஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இன்றைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் அவருடைய சாம்பல் நிறச் சீருடையின் முதுகுப் பக்கம். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், அவள் அப்பாவின் கடைக்குத்தான் டிப்போவிலிருந்து டிரைவர் சீட்டுகள் ரிப்பேருக்கு வரும். மற்ற டிரைவர்கள் சீட்டை ஆள் வைத்து அனுப்புவார்கள். இவர் மட்டும் தானே தூக்கிக்கொண்டு வருவார். ஸ்பிரிங் போய்விட்டது என்பார். சரிசெய்து கொடுத்த அதே வாரம் மறுபடி வந்து நிற்பார். ஒரு நாள் பிரித்துப் பார்த்தால், ஸ்பிரிங்கைக் குறடு வைத்து வளைத்த தடம் பளிச்சென்று தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. "சீட்டு நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல" என்றார். அப்பாவுக்குக் கேட்காமல் இருக்க, அவள் தையல் மெஷினை வேகமாக மிதித்தாள்.

சிவப்புக் கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை வெளியே வந்தபோது, சக்கர நாற்காலியில் முனகிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏய்! இது லாண்டிரியில தொலஞ்சு போச்சுன்னு சொன்னியே!"

"தொலஞ்சுதான் போச்சு."

"இங்க இருக்கே!"

"கிழிஞ்ச சட்டையத்தான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. வேற என்ன பண்றது?"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளுடைய விரல் எதிலோ பட்டது. மெல்ல இழுத்தாள். பிறை மாதிரி வளைந்த ஊசி. அவளுடைய ஊசிதான், சோபா மூலைகளைத் தைக்கிறது. வருஷக்கணக்காகக் கடை முழுக்கத் தேடி, பக்கத்துக் கடைக்காரரைக்கூடச் சந்தேகப்பட்டிருந்தாள். அடைத்த கையோடு உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள்.

"குத்துது, குத்துதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்றார் டிரைவர். குரலில் கோபத்தைவிட வெற்றிதான் அதிகம். "மனசுல இருக்கறதுதான் குத்துதா? இப்ப சொல்லு முதலாளியம்மா."

அவளால் தலை நிமிர முடியவில்லை. அதிகாரி ஊசியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். இனி தைக்கவும் முடியாது. பார்சல் ஒட்டுகிற டேப்பைக் கொடுத்து, "சீக்கிரம் ஒட்டிக்கிட்டுப் போங்கம்மா, கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள். மெத்தையக்கா துணிகளை உள்ளே திணித்து, டேப்பைச் சுற்றினாள். வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமாக ஒரு வேலையை அவள் முடித்ததில்லை.

அவர் விட்டபாடில்லை. "இது சகுனம்தான். ஊசி மேல உக்கார வச்சவள நம்பிக் கத்திக்கு வேற போகணுமா? வேணாம். வீட்டுக்குப் போலாம். நின்னுக்கிட்டே இருந்துட்டுப் போறேன், யாருக்கு என்ன நஷ்டம்?"

பதில் சொல்லத்தான் அவள் எழப் போனாள். எழ முடியவில்லை. கடையிலென்றால் மேஜைக்காலைப் பிடித்து ஏறுவாள். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. காலம் பூராவும் தரையில் மண்டியிட்ட முழங்கால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மறுத்துவிட்டன. கையை ஊன்றிப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அவருடைய மாத்திரைக்கு நேரம் பார்த்ததில் தன் சர்க்கரை மாத்திரையைக் காலையில் விழுங்க மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சரிங்க" என்றாள். "வீட்டுக்கே போலாம். என்னாலயும் முடியல."

சொன்னதும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து 'முடியல' என்ற வார்த்தை வந்ததில்லை. அவர் சகுனத்தைப் பற்றி மேற்கொண்டு பேசத்தான் வாயெடுத்தார். தரையில் கிடந்த முழங்கால்களையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து எழுந்து நின்றார். மரத்த காலை இழுத்துச் சுற்றி வந்து, அவளுடைய அக்குளில் கை கொடுத்தார். "பிடிச்சுக்க. மெதுவா." முதுகு வலியில் அவருக்கு முகம் கோணியது, கையை மட்டும் எடுக்கவில்லை. டேப் சுற்றிய குஷனைச் சீட்டில் போட்டு, அதன் மேல் அவளை உட்கார வைத்தார்.

ஊரிலுள்ளவர்களையெல்லாம் உட்கார வைத்தவள் இந்தக் குஷனில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பேக்கரிக்கு மேலிருந்த அறையும், பாவாடையும், சீருடையும், தொலைந்த சட்டையும் அவளை மெத்தென்று தாங்கின. நல்லாத்தான் அடச்சிருக்கேன் என்று தோன்றியது. அழுகையும் கூடியது.

அவர் பின்பக்கக் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டார். பிடி கிடைத்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. நாற்காலி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் கவனித்தாள்.

"என்னங்க, வெளிய போற வழி அந்தப் பக்கம்."

"தெரியும்."

"அப்புறம் இங்க எங்க போறீங்க?"

"உன்ன இனிமே யாரு தூக்கி விடுவா? எனக்குக் கால் வேணும்ல" என்றார். குரல் நடுங்கியது. பயம் அவரை விட்டுப் போகவில்லை, அந்த நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டே அவள் போனாள். நடைபாதையில் நின்றவர்களிடம், "வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்.

விமானத்தின் வாசலில் நின்ற பணிப்பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள், பின்னால் வேர்த்து விறுவிறுத்து ஒற்றைக்காலைத் தாங்கி நின்றவரைப் பார்த்தாள்.

"சார், ஒருத்தருக்குத்தானே வீல்சேர் போட்டிருக்கு? இதுல யாரு பேஷண்ட்?"

"ரெண்டு பேரும்தாம்மா" என்றார் டிரைவர். "எங்கள உள்ள விடுங்க."