நேந்து வைச்ச தலைமயிர்

அதைத்தான் பிள்ளை சொல்லுறன், கீழ்வீட்டு மனுசி என்ர பேத்தியின்ர தலையைப் பாத்திட்டு, "பியூட்டி பார்லர்ல போய்ச் சுருட்டினதோ?" எண்டு கேக்குது! எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. முந்தி அவளுக்குக் கம்பி மாதிரி நேரான மயிர். வருத்தம் மாறி முளைச்சதுதான் உப்பிடிச் சுருள் சுருளாய், கருகருவெண்டு.

இரத்தப் புற்றுநோய் எல்லே வந்தது. அதிலயும் லேசில ஒருத்தருக்கும் வராத சாதியாம். மருந்து மட்டும் காணாது, வேற ஆளின்ர எலும்புக்குள்ள இருக்கிற மச்சையை ஏத்த வேணும் எண்டிட்டினம். தமையன்ர பொருந்திச்சுது. எலும்பெண்டதும், பெடியன்ர காலை வெட்டப்போறாங்கள் எண்டு நான் குழறினன். பாத்தா, இடுப்பில ஊசியால எடுத்து, இரத்தம் ஏத்துற மாதிரிப் பையில தொங்கவிட்டு ஏத்தினாங்கள்!

ஏத்தினது அவளின்ர உடம்பில பிடிக்குமோ எண்டு பாத்துக்கொண்டிருந்த நாளில என்னை உள்ள விடேல்லை. கண்ணாடிக்கு வெளியில நிண்டு அந்த மொட்டைத் தலையைப் பாத்தன். பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, வீட்டுக்கும் போகாமல் நேரா முருகன் கோயில். "பிள்ளை தப்பி வந்தா, முளைக்கிற முடி உனக்கு" எண்டு நேந்திட்டன். கொச்சிக்கடை அந்தோனியாரிட்டையும் போனனான். அவருக்கு மெழுகுதிரி மட்டும்தான்.

பிடிச்சிட்டுது, பிள்ளை! இப்ப கம்பஸுக்கும் படிக்கப் போறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஒருநாள் எண்ணெய் வைக்கேக்கை நேத்தியைச் சொல்லிப்போட்டன்.

"அம்மம்மா, ஆரைக் கேட்டு என்ர தலையைக் குடுத்தனீங்கள்?"

"உயிரே திரும்ப வந்திட்டுது. மயிர் முளைக்காதோ?"

"தலகணியில கொத்துக் கொத்தா விழுந்ததை என்ர கையால பொறுக்கினனான். இன்னொருக்கா ஏலாது."

ஐயரைக் கேட்டன். "ஆச்சி, அவவுக்காக நீங்கள் குடுத்தாலும் சரி" எண்டார். என்ர கொண்டை என்ன, எலிவால்தானே! சந்தோசமா வந்து சொன்னா, அவள் அழுறாள். "வேண்டாம். இந்த வீட்டில இனி ஒரு மொட்டைத் தலையும் நான் பாக்க மாட்டன்."

அதோட முருகனுக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. அவளும் எண்ணெய் வைக்க என்னட்டை வாறேல்லை. தானே இழுத்துக் கட்டிக்கொண்டு போறாள். அந்தச் சுருளுக்குள்ள ஒருக்கா விரலை விட்டுக் கோத வேணும் போல கிடக்கு. என்னத்துக்கு நேந்தனோ! ஒரு தேங்காயோட விட்டிருக்கலாம். அப்ப அந்தக் கண்ணாடியில தெரிஞ்சது தலை மட்டும்தானே, வேற என்னத்தை நேருறது...

உங்க, மீன்காரன் கத்துறான். மல்லி, பொட்டக் இன்ன! சிங்களப் பெடியன், கொஞ்சம் நில்லெண்டு சொன்னனான். பொறும் பிள்ளை, பாரை கிடக்கோ எண்டு பாத்திட்டு வாறன். அவள் அதெண்டாத்தான் சாப்பிடுவாள்.